அவனீந்திரநாதர் நீர்வர்ணத்துக்கு வந்த வழி

இளைஞர் மன்றத்து ஆண்டு மலருக்குக் கலை வரலாறு பற்றி ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, எமக்கு முதலில் நினைவில் வந்தது ஓர் அப்பிள் பழந்தான். யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே சித்திர பாடத்துக்கென வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கியிருந்தார்கள். மேசைமீது ஓர் அப்பிளும் ஒரு கண்ணாடிச் சாடியும் இருக்கும். வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வருகின்றது. ஆகவே நிழல் வலப்புறம் விழுதல் வேண்டும். இது மாறாத விதி. எம்முடைய வகுப்பில் ஒருவன் ஒருநாள் நிழலே இல்லாமல், ஆனால் பார்ப்பவர் நாவில் நீர் ஊறும்படி, ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வரைந்துவிட்டான். ‘இது கோலம், சித்திரமன்று’ என்று உபாத்தியாயர் சொன்னார். அவர் நல்ல மனிதர். தமக்குக் கற்பித்தவர்கள் சொன்னதையே அவரும் சொன்னார். யாமும் அதனை நம்பினோம்.

பின்னர் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் ஒரு பழைய புத்தகம் கைக்கு எட்டியது. சகோதரி நிவேதிதையும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் எழுதி 1913 இல் வெளிவந்த இந்து பௌத்த புராணக் கதைகள் பற்றிய நூல் அது. அதிலுள்ள வர்ணச் சித்திரங்கள் அவனீந்திரநாத தாகூரின் மேற்பார்வையில் வரையப்பட்டவை. சில அவர் கையாலேயே ஆனவை. அவற்றில் நிழல் எந்தப் புறமும் விழவில்லை. வர்ணம் தாளின்மேல் பூசப்பட்டதாகவே தோன்றவில்லை. மார்கழி விடியலிலே வயல்மேல் பனி கிடப்பதுபோல, தாளுக்குள்ளிருந்தே எழுவதாகத் தோன்றியது. இவற்றை எழுதியவர் மேனாட்டுக் காற்றுப் படாமல், பழைய மரபிலே பிறந்து வளர்ந்த ஒருவராதல் வேண்டும் என்று யாம் முடிவு கட்டினோம். அந்த முடிவு முழுத் தவறு. அவரும் எம்மைப் போலவே நிழல் வலப்புறம் விழவேண்டும் என்று கற்றவர்தான். அதிலிருந்து நீங்கி இந்த நீர்வர்ணத்துக்கு வந்து சேர அவருக்கு முப்பது வயது கடக்கவேண்டியிருந்தது. அந்த வழியைத்தான் இங்கு சொல்லப் புகுகின்றோம்.

அவனீந்திரநாதர் கல்கத்தாவிலே ஜோராசாங்கோ தாகூர் இல்லத்தில் 1871 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆந் திகதி பிறந்தார். மகாகவி இரவீந்திரநாதர் அவருக்குச் சிறிய தந்தை முறை. வயதில் பத்தாண்டுதான் மூத்தவர். தந்தையார் குணேந்திரநாதர் அரசினர் சித்திரக் கலாசாலையின் தொடக்க கால மாணவருள் ஒருவர். தமையனார் ககனேந்திரநாதரும் தங்கை சுனயனி தேவியாரும் பிற்காலத்தில் பெயர்பெற்ற சித்திரக்காரர் ஆயினர். வீட்டின் தெற்கு விறாந்தையிலே சகோதரர்கள் அருகருகே அமர்ந்து, பேசிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் சித்திரம் எழுதுவார்களாம். செல்வர் வீட்டுப் பிள்ளை. சித்திரம் எழுதித்தான் உண்ணவேண்டும் என்ற நிலை இல்லை. இதனையும் மறைக்காமற் சொல்லிவிடுதல் நன்று. வயிற்றுப்பாட்டுக்காக எழுதியவராயின் இத்தனைமுறை அழித்து அழித்துத் தொடங்கியிருக்க முடியுமோ என்பது ஐயமே.

இருபது வயதை அடுத்து அவர் முறையாகச் சித்திரம் கற்கலானார். கலாசாலையின் உப அதிபராயிருந்த கிலார்டி என்னும் இத்தாலியரிடம் பாஸ்டல் எனப்படும் வர்ணக்கட்டி வேலை. பின்பு சார்ள்ஸ் பாமர் என்னும் ஆங்கிலேயரிடம் எண்ணெய் வர்ணம். பாமர் ஒருநாள் உடற்கூறு பயிலவேண்டும் என்று ஒரு மனித மண்டையோட்டை முன்னே வைத்து வரையச் சொன்னார். மாணவருக்கு உடல் கூசியது. ஆயினும் ஆசிரியர் விடவில்லை. ஒருவாறு வரைந்து முடித்து வீடு திரும்பியவர் கடுங்காய்ச்சலில் விழுந்தார் என்று அவரே தம் முதுமையில் நினைவுகூர்ந்துள்ளார். மேனாட்டு முறை நீர்வர்ணமும் அக்காலத்தே பழகினார். ஆகவே நீர்வர்ணப் பெட்டி இளமையிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது அவர் தேடிய நீர்வர்ணமன்று. ஆங்கிலேயர் கண்ட மலையையும் ஆற்றையும் அவர்கள் கண்டவாறே எழுத உதவும் ஒரு கருவி, அவ்வளவே. 1892 இல் இரவீந்திரரின் ‘சித்திராங்கதா’ நூலுக்கு அவர் சித்திரங்கள் வரைந்து கொடுத்தபோதும் கை மேனாட்டுக் கையாகவே இருந்தது.

திருப்பம் தபாலில் வந்தது என்றே சொல்லலாம். ஆங்கிலப் பெண்மணி ஒருவர், பழைய ஐரோப்பிய ஏட்டுப் பிரதிகளிற்போலப் பாட்டைச் சுற்றி நுண்ணிய வர்ண வேலைப்பாடு செய்த சித்திரங்களை அவருக்கு அனுப்பிவைத்தார். அதே காலத்தை ஒட்டி உறவினர் ஒருவர் டில்லிச் சித்திரங்கள் கொண்ட ஒரு தொகுதியைப் பரிசளித்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த இளைஞர் திகைத்தார். ஒன்று மேற்கு, மற்றது கிழக்கு. ஆனால் இரண்டும் ஒரே வகைக் கைவேலை, ஒரே வகைப் பொறுமை. மேற்குக்கும் ஒரு பழைய கை உண்டு, நமக்கும் ஒரு பழைய கை உண்டு. கலாசாலை இரண்டையுமே கற்பிக்கவில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று.

வைஷ்ணவ பதங்களுக்குச் சித்திரம் எழுதிப் பார் என்று இரவீந்திரர் தூண்டினார். நிலவொளியிலே வெண்ணிற உடை உடுத்துக் கண்ணனைக் காணப் புறப்படும் இராதையை அவனீந்திரர் எழுதினார். எழுதி முடித்து எட்டநின்று பார்த்தார். துரைசாணி ஒருத்திக்குச் சேலை உடுத்திக் குளிர் இரவிலே தெருவில் விட்டாற்போல இருந்ததாம்! இவ்வாறு தம்மையே நகையாடிக்கொண்டவர் அதனை ஒதுக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரை அழைத்துப் பொற்றகடு ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார். தாகூர் வீட்டுப் பிள்ளை ஒரு கம்மியரிடம் சீடராய் அமர்ந்தார் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. அந்த முயற்சியின் பயனாகவே 1890 களின் நடுப்பகுதியில் கிருஷ்ணலீலைத் தொடர் உருவாயிற்று.

அவ்வேளையிற்றான் ஹாவெல் வந்தார். ஏர்னஸ்ட் பின்பீல்ட் ஹாவெல் சென்னைச் சித்திரக் கலாசாலைக்கு 1884 முதல் தலைவராயிருந்தவர். தமிழ்நாட்டு நெசவாளர், கம்மியர், தச்சர் ஆகியோரின் தொழில்களை நேரிற் கண்டு மதித்தவர். 1896 இல் கல்கத்தாக் கலாசாலைக்கு அதிபராக வந்து, அங்கே மாணவர் பார்த்து எழுதும்படி தொங்கிய ஐரோப்பியப் படங்களை அகற்றி, மொகலாயச் சித்திரங்களைத் தேடி வாங்கலானார். மாணவர் சினந்தனர். அவர்கள் சினத்திற் காரணமில்லாமலில்லை. ஆங்கிலேயன் தன் கல்வியைத் தனக்கு வைத்துக்கொண்டு எமக்குப் பழம்பெட்டியைத் திறந்து காட்டுகின்றானே என்று அவர்கள் ஐயுற்றனர். அவனீந்திரரோ ஹாவெலின் நட்பைப் பெற்றார். மொகலாயச் சித்திரத்து நாரை ஒன்றை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது, ஒவ்வோர் இறகும் காலின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாக எழுதப்பட்டிருக்கக் கண்டு வியந்தார். ஆனால் வியந்து அப்படியே நின்றுவிடவில்லை. எல்லாம் உண்டு, ‘பாவம்’ ஒன்று குறைகின்றது என்றார். பாவம் என்றால் இங்கே உள்ளத்து உணர்வு. பழமையைக் கண்டெடுத்த நாளிலேயே அதன் குறையையும் கண்டார். இது எம்மை மிகவும் கவர்ந்த இடம்.

அந்தப் பாவம் அவருக்கு ஒரு பெருந்துயரத்தின் வழியாக வந்தது. கல்கத்தாவிற் பிளேக் நோய் பரவிய காலம். அவருடைய சிறு மகள் அந்நோய்க்குப் பலியானாள். பின்பு 1902 அளவில் ‘ஷாஜகானின் இறுதி’ என்னும் சித்திரத்தை எழுதினார். ஆக்ராக் கோட்டையின் பளிங்கு மண்டபத்தே முதிய அரசர் சாய்ந்து கிடக்கின்றார். ஆற்றுக்கு அப்பால் மங்கிய வெளிச்சத்திலே தாஜ்மஹால். காலடியில் மகள் ஜஹானாரா. மகளை இழந்த துயர் முழுவதையும் அதிலே இட்டேன் என்ற பொருள்படப் பின்னாளிற் கூறினார். அதனை அறிந்தபின் அச்சித்திரத்தைப் பார்ப்பவர் கண் தாஜ்மஹாலிற் செல்லாது. காலடியிலிருக்கும் மகளிடமே தங்கும். டில்லித் தர்பாரை ஒட்டிய கண்காட்சியில் இதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இந்திய மறுமலர்ச்சிச் சித்திரத்தின் தொடக்கம் என்று பலரும் இதனைப் போற்றுவர். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அது நீர்வர்ணமன்று. பலகையிலே எண்ணெய் வர்ணத்தால் எழுதப்பட்டது. பொருள் மொகலாயருடையது, துயரம் வங்காளத்துத் தந்தையுடையது, வர்ணமோ பாமர் துரை கற்பித்தது!

இனி நீரின் கதை. யப்பானிய அறிஞர் ஒக்ககுரா 1902 இல் கல்கத்தாவில் தங்கிச் சென்றார். அடுத்த ஆண்டு அவருடைய சீடராகிய யொக்கொயாமா தைக்கானும் ஹிசிதா சுன்சோவும் வந்து தாகூர் குடும்பத்தாரோடு பழகினர். இவ்விருவரும் தம் நாட்டிலே அக்காலம் ஏளனத்துக்கு ஆளானவர்கள் என்பதை நினைவிற் கொள்க. யப்பானிய மரபுக்கு உயிர் எனப்பட்ட கரிய கோட்டை நீக்கி, வர்ணத்தை மூடுபனிபோலப் பரப்பினார்கள் என்பதற்காக ‘மங்கல் பாணி’ என்று அங்குள்ள விமரிசகர் பழித்தனர். தைக்கான் சித்திரம் எழுதும்போது இடையிடையே அகன்ற தூரிகையாலே தாளில் நீர் பூசுவதை அவனீந்திரர் அருகிலிருந்து பார்த்தார். தூரிகையால் நீர் பூசுவதேன், தாளையே நீரில் முக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. எழுதிய சித்திரத்தை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார். ‘வாஷ்’ என்று பின்னர் வங்காளத்தார் வழங்கிய முறை இவ்வாறு பிறந்தது.

முறை எளிது, கைவருதல் அரிது. மேனாட்டு நீர்வர்ணத் தாளில் முதலில் மெல்லிய கோட்டால் உருவம் வரையப்படும். ஒளி ஊடுருவும் வர்ணம் ஒரு படை பூசி உலரவிடப்படும். பின் தாளை நீரில் அமிழ்த்தினால், தாளோடு பற்றிக்கொண்ட வர்ணம் நிற்கும். மேலே மிதப்பாய் நின்றது கழுவுண்டு போகும். திரும்ப ஒரு படை, திரும்ப ஒரு முழுக்கு. ஈரமாயிருக்கும்போதே பரந்த வர்ணநீர் முழுப் படத்தின்மேலும் ஓடவிடப்படும். இப்படிப் பலமுறை செய்தபின், ஆகாயத்துக்கும் ஆடைக்கும் முகத்துக்கும் பொதுவான ஓர் ஒளி ஊறி நிற்கும். இறுதியிலே கண், விரல், உடைக்கரை ஆகியவற்றின் கோடு நுண்ணிய தூரிகையாலே திரும்ப எழுதப்படும்.

இதனை எழுதுமுன் யாமும் விடுதியில் ஒரு தாளிலே முயன்று பார்த்தோம். ஒரு தென்னையும் அதன்பின்னே மாலை வானமும் எழுதி, அவசரப்பட்டு முற்றும் உலருமுன்னே சலவை வாளியில் அமிழ்த்தினோம். வானம் முழுவதும் வாளிக்குள் போயிற்று. தென்னை மட்டும் ஒருவாறு மிஞ்சியது. அறைத்தோழர் நகைத்தார். மறுமுறை ஓர் இரவு முழுவதும் உலரவிட்டோம். அப்போது வானத்தில் ஒரு சிறு பகுதி தங்கிற்று. அந்தச் சிறு பகுதி, யாம் பாடசாலையில் எழுதிய அப்பிள்கள் அனைத்தினும் எமக்கு உகந்ததாயிருந்தது.

வங்கப் பிரிவினை எழுந்த 1905 இல் சுதேசி இயக்கம் நாட்டை உலுக்கியது. அவ்வாண்டிலேயே இம்முறையிற் ‘பாரதமாதா’ எழுதப்பட்டாள். காவியுடை தரித்த இளம் துறவி. நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெள்ளாடை, ஜபமாலை. படைக்கலம் ஒன்றுமில்லை. உள்ளங்கை இரண்டை அடுத்தடுத்து வைத்தாற்போன்ற சிறு படம், அவ்வளவே. கேதாரநாதம் முதல் கன்னியாகுமரி வரை ஒவ்வொரு குடியானவன் குடிலிலும் இதன் பிரதி தொங்கவேண்டும் என்று நிவேதிதை அம்மையார் விரும்பி எழுதினார்.

இங்கே பெரியோர் சிலர் எம்மோடு மாறுபடக்கூடும். இதுவே தூய பாரதக் கலை, அந்நியக் கலப்பற்றது என்று மேடைகளிலே பேசக் கேட்டிருக்கின்றோம். மேலே கூறிய வரலாற்றை நோக்கின் அது பொருந்துமா? தாள் மேனாட்டது, நீர் பாய்ச்சும் முறை யப்பானியர் காட்டியது, கோடு மொகலாயரிடம் கண்டது, ஊக்கம் தந்தவர் ஓர் ஆங்கிலேயர். அஜந்தாவிலோ சித்தன்னவாசலிலோ எவரும் சுவரை நீரில் முக்கவில்லை! ஆயினும் பாரதமாதாவைப் பார்த்து, இது பிறநாட்டார் எழுதியது என்று ஒருவரும் கூறார். கலப்பு இல்லாமையாலன்று, கலந்த யாவற்றையும் ஒருவர் தம் உள்ளத்திலே ஊறவைத்துத் தந்தமையாலேயே அது அவருடையதாயிற்று என்பது எமது எண்ணம். மிஷன் பாடசாலையில் ஆங்கிலப் பாட்டும் வீட்டிலே தேவாரமும் கேட்டு வளர்ந்த எம்போன்றோருக்கு இந்த எண்ணம் சிறிது ஆறுதல் தருகின்றது. ஆறுதலுக்காகவே இப்படி எண்ணுகின்றோமோ என்ற ஐயமும் உடன் எழுகின்றது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கூறவேண்டும். வாஷ் முறை ஒரு நாகரிகமாய்ப் பரவியபின், கையிற் கோட்டு வலிமை இல்லாதவரும் பனிமூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டனர். சோர்ந்த கண், நீண்ட விரல், மங்கிய நிறம் என்று ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதலாயினர். அம்ரிதா ஷேர்கில் அம்மையார் வங்கப் பாணியைக் கடுமையாகத் தாக்கினார். அதிற் பெரும்பகுதி உண்மையே. ஆனால் அந்தக் குற்றம் குருவைச் சாருமா?

குருவாக அவர் எப்படியிருந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1905 இல் அரசினர் கலாசாலைக்கு உப அதிபராகிப் பத்தாண்டு அங்கே கற்பித்தார். மண்டையோடு வைக்கவில்லை, பண்டிதர் ஒருவரை அமர்த்தி மாணவருக்கு இதிகாசங்களைப் படித்துக் காட்டச் செய்தார். தலைமாணவர் நந்தலால் போஸ் உமையின் தவத்தை எழுதிக் கொண்டுவந்தார். அணியில்லை, நிறமில்லை. இவ்வளவு வெறுமையாகவா, சிறிது அலங்காரம் செய்தாலென்ன என்று குரு கூறியனுப்பினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. தவம் செய்பவளுக்கு அலங்காரம் எதற்கு என்று உறைத்தது. பொழுது விடிந்ததும் விடியாததுமாக நந்தலாலிடம் ஓடினார். நந்தலால் தூரிகையைக் கையில் எடுத்து, நிறம் தீட்டத் தொடங்கும் தறுவாயில் இருந்தார். ‘தொடாதே’ என்று தடுத்துவிட்டு, ஒரு நல்ல சித்திரத்தைக் கெடுக்கப் பார்த்தேனே என்று வருந்தினாராம். தம் மாணவரிடம் இப்படி விடியலில் ஓடிவரும் ஆசிரியர் எத்தனைபேர்?

மைசூரிலிருந்து வந்த வெங்கடப்பா அவரிடம் பயின்றவர். 1929 இல் சென்னைக் கலாசாலைக்குத் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவர் மாணவரே. சென்னைக் கடற்கரையிலே பாறையைப் பெயர்க்கும் தொழிலாளர் சிலையைக் கண்ட அன்பர்கள் இவரை அறிவர். குருவின் மென்மைக்கும் அச்சிலையின் முறுக்கேறிய தசைக்கும் ஒற்றுமை யாது என்று கேட்டால், ஒன்றுமில்லை; அதுவே குருவின் பெருமை. நம் கொழும்பிலே 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909 ஐ ஒட்டி ஜோராசாங்கோ இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினார். யாம் முதலிற் குறித்த நூலின் சித்திரங்கள் அந்தத் தொடர்பின் பயன்.

அவனீந்திரரின் பயணம் 1905 உடன் முடிந்ததாகப் பலர் எழுதிவிடுகின்றனர். எமக்கு அவருடைய 1930 ஆம் ஆண்டே பெரிதாகப் படுகின்றது. அப்போது அவர் அறுபதை அணுகியவர். கல்கத்தாச் சர்வகலாசாலையில் கலைப் பேராசிரியராக 1921 முதல் விரிவுரைகள் ஆற்றி ஓய்ந்தவர். அவ்வாண்டிலே அராபிய இரவுக் கதைகளை 45 சித்திரங்களாக எழுதினார். பெயர்தான் பாக்தாத், மாடமும் கடையும் சந்தும் கல்கத்தாவே. பலநாட்டு வணிகரும் பல மதத்தாரும் நெருங்கி வாழும் தம் தெருவைத்தான் அவர் தெற்கு விறாந்தையிலிருந்து பார்த்து எழுதினார். மூடுபனி இங்கே பெரும்பாலும் விலகிவிட்டது. மொகலாயக் கோடும், ஐரோப்பியக் கண்ணும், யப்பானிய நீரும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பிரித்தறிய முடியவில்லை.

அதன்பின் பல ஆண்டுகள் தூரிகையை அதிகம் தொடவில்லை. 1938 ஐ ஒட்டிக் கவிகங்கணரின் சண்டி காவியத்துக்குச் சில சித்திரங்கள் எழுதினார். அவை கிராமத்துப் பொம்மைகள்போல எளியவை. 1941 ஓகஸ்ட் 7 ஆந் திகதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்தப் பிறந்தநாளை நாடு கொண்டாடவேண்டும் என்று நோயுற்றிருந்த இரவீந்திரர் விரும்பியிருந்தார். அதே நாளில் இரவீந்திரர் மறைந்தார். ஜோராசாங்கோவிலிருந்த தம் வீடும் கைமாறியது. முதியவர் நகரின் வடக்கே பராநகருக்குக் குடிபெயர்ந்தார். சாந்திநிகேதனத்து விசுவபாரதிக்கு ஆச்சாரியராகவும் சிலகாலம் இருந்தார்.

முதுமையில் அவர் கையிலிருந்தவை நீரும் வர்ணமும் அல்ல. தோட்டத்திலே கிடக்கும் காய்ந்த கிளை, மூங்கிற் கணு, வேர்த்துண்டு, கொட்டை ஆகியவற்றைப் பொறுக்குவார்; திருப்பித் திருப்பிப் பார்ப்பார்; சிறிது செதுக்கி ஒரு பறவையாகவோ கிழவனாகவோ நிறுத்திவிடுவார். ‘குட்டும் காட்டும்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார். குட்டும் என்றால் வங்காளத்திலே உறவினர். 1951 டிசெம்பர் 5 ஆந் திகதி அவர் காலமானார்.